அப்பாவின் கைப்பேசியும் பேரனின் தடுப்பூசியும்

கேள்வி: என் தந்தைக்கு வயது 70. அரசுப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். கணவர் ஷார்ஜாவில் வேலை பார்ப்பதால், பிரசவத்துக்கு வந்த நான் தாய்வீட்டிலேயே தங்கியிருக்கிறேன். என் மகனுக்குப் பத்து மாதம் ஆகிறது. ஒன்பது மாதம் முடிந்ததும் போட்டிருக்க வேண்டிய தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசியைப் போட அப்பா விடவில்லை. யூடியூபில் பார்த்த பதினேழு நிமிட வீடியோ ஒன்றைக் காட்டி, இது மக்கள்தொகையைக் குறைக்கப் போடப்படும் ஊசி, இதனால் ஆட்டிசம் வரும், நடிகர் விவேக்கும் தடுப்பூசியால்தான் இறந்தார் என்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் மறுத்து எழுதியதிலிருந்து என்னோடு அவர் சரியாகப் பேசுவதில்லை. கணவரோ, "மாமா சொல்வதிலும் ஏதாவது இருக்கலாம், கொஞ்சம் பொறுப்போம்" என்கிறார். அப்பா சொல்வதில் உண்மை இருக்கிறதா? இவ்வளவு படித்தவர் எப்படி இதை நம்புகிறார்? அவரிடம் நான் எப்படிப் பேசுவது?
— ஒரு வாசகி, மயிலாடுதுறை

குழந்தை நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளில் ஒன்றுக்குக் காலக்கெடு இருக்கிறது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். தடுப்பூசி நாளான வருகிற புதன்கிழமையே குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். பெற்ற தாயாகிய நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு இது. அப்பாவின் மனம் மாறுவதோடு இதை முடிச்சுப் போட வேண்டாம். மனம் மாற மாதக்கணக்கில் ஆகலாம். தட்டம்மைக் கிருமி அதுவரை காத்திருக்காது. நோயாளி இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் அது இரண்டு மணி நேரம் வரை இருக்கும். எதிர்ப்பு சக்தி இல்லாத பத்துப் பேர் நோயாளியின் அருகில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். நிமோனியா, கடும் வயிற்றுப்போக்கு, மூளை அழற்சி என்று அது கொண்டுவரும் பின்விளைவுகள் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைத்தான் அதிகம் சாய்க்கின்றன. ருபெல்லா குழந்தைக்குப் பெரிய துன்பம் தராது. ஆனால் அந்தக் குழந்தையிடமிருந்து கர்ப்பிணி ஒருவருக்குத் தொற்றினால், பிறக்கப்போகும் சிசுவுக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு ஆகியவை வரலாம்.

இனி, அப்பா எப்படி இதை நம்பினார் என்ற கேள்விக்கு வருகிறேன். நான் சற்று நீளமாக எழுத விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் அவரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கான விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது.

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகள் வரை ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடிப் பேருக்குப் போடத் திட்டமிட்டிருந்தார்கள். முகாம் தொடங்கிய சில நாட்களிலேயே வாட்ஸ்அப்பில் வதந்திகள் கிளம்பின. பெற்றோர் பள்ளிகளுக்கு வந்து, "எங்கள் பிள்ளைக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிப்ரவரிக்குள் முடிய வேண்டிய முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அப்போது ஒரு பள்ளியில் பணியில் இருந்த என்னிடம் ஓர் அம்மா தன் கைப்பேசியிலிருந்த குரல்பதிவைப் போட்டுக் காட்டினார். ஓர் ஆண் தழுதழுத்த குரலில், ஊசி போட்ட பிள்ளைகள் வரிசையாக மயங்கி விழுந்துவிட்டதாகவும், மருத்துவமனையில் இடமே இல்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்ட பிறகு நான் கவனித்தது, அதில் ஊர்ப் பெயர் இல்லை, பள்ளியின் பெயர் இல்லை, தேதியும் இல்லை. "இதை யாரம்மா அனுப்பியது?" என்று கேட்டேன். நாத்தனார் என்றார். நாத்தனாரை அழைத்துக் கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரர் என்றார். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவருடைய மைத்துனர் மஸ்கட்டிலிருந்து அனுப்பியிருந்தார். அதற்கு மேல் எங்களால் போக முடியவில்லை. அந்த அம்மா எங்களைப் பார்த்து, "என் நாத்தனார் எதுக்கு டாக்டர் என்கிட்டப் பொய் சொல்லணும்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். நாத்தனார் பொய் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் சொல்லவில்லை. முகம் தெரியாத யாரோ ஒருவருடைய பொய், மூன்று பேரின் உண்மையான அக்கறையில் ஏறி அந்தக் கைப்பேசிக்கு வந்து சேர்ந்திருந்தது.

இணையம் புதிதாகச் செய்தது இதைத்தான் என்பது என் எண்ணம். வதந்தி பழையது. 1983 ஜூலையில் டெல்லியிலிருந்து வெளிவந்த 'பேட்ரியாட்' என்ற ஆங்கில நாளிதழில், பெயர் குறிப்பிடாத ஓர் 'அமெரிக்க விஞ்ஞானி' எழுதியதாக ஒரு கடிதம் வந்தது. எய்ட்ஸ் நோயை அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் உருவாக்கினார்கள் என்றது அந்தக் கடிதம். சோவியத் உளவுத்துறை அங்கே நட்டுவைத்த விதை அது. இரண்டு ஆண்டுகள் கழித்து மாஸ்கோவின் வார இதழ் ஒன்று, ஏதோ இந்தியப் பத்திரிகை தானாகக் கண்டுபிடித்த செய்தி என்பதுபோல் அதை மேற்கோள் காட்டி எழுதியது. அங்கிருந்து பல நாடுகளுக்குப் போனது. 1992இல் ரஷ்ய உளவுத்துறையின் தலைவராக இருந்த யெவ்கெனி பிரிமாகோவ் அது தங்கள் துறையின் வேலைதான் என்று ஒப்புக்கொண்டார். ஓர் அரசாங்கமே முயன்றும் ஒரு பொய்யை உலகம் சுற்றவைக்க அப்போது ஆண்டுக்கணக்கில் ஆனது, அதுவும் ஒரு பத்திரிகையின் பெயரை இரவல் வாங்கித்தான். இன்று இரவல் வாங்கப்படுவது உங்கள் சித்தப்பாவின் பெயர். அப்பாவுக்கு அந்த வீடியோவை முதலில் அனுப்பியவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் மதிக்கிற ஒருவர்தான் அனுப்பியிருப்பார் என்பது என் ஊகம்.

வந்த பொய் ஏன் இத்தனை வேகமாகக் கைமாறுகிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு செய்யப்படும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை, பரப்பியவர்கள் மனிதர்களே. பொய் புதுமையாக இருக்கிறது, திடுக்கிட வைக்கிறது. 'தட்டம்மைத் தடுப்பூசி இந்த ஆண்டும் வழக்கம்போல் வேலை செய்தது' என்பதை யார் யாருக்கு அனுப்பப் போகிறார்கள்?

இதோடு யூடியூபின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. 2012இலிருந்து அந்தத் தளம் ஒருவர் எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பதைப் பெரிதாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு அடுத்த வீடியோவைப் பரிந்துரைக்கிறது. அப்பா ஒரு பதினேழு நிமிட வீடியோவைக் கடைசி வரை பார்த்தால், அவருக்கு அது பிடித்திருக்கிறது என்றே அந்த இயந்திரம் எடுத்துக்கொள்ளும். ஆத்திரத்தோடு பார்த்தாரா, பயத்தோடு பார்த்தாரா என்பது அதற்குத் தெரியாது. மறுநாள் காலை அதே வகையில் ஆறு வீடியோக்கள் வரிசையில் நிற்கும். கைப்பேசியைத் திறக்கும் அப்பாவுக்கோ, ஊர் உலகமே இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறது என்று தோன்றும். அமெரிக்க உளவியலாளர்கள் 1977இலேயே ஒன்றைக் காட்டினார்கள். ஒரு கூற்று மெய்யோ பொய்யோ, இரண்டு வார இடைவெளிகளில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள், ஒரே முறை கேட்ட கூற்றுகளைவிட அதை அதிகமாக நம்பினார்கள். அம்மி நகரும்வரை அடித்துக்கொண்டே இருக்கும் வேலையை இப்போது கைப்பேசி செய்கிறது, அவ்வளவுதான். ஆகவே, படித்தவர் எப்படி நம்பினார் என்று வியக்க வேண்டாம். படித்தவருக்குத் தான் நம்பியதற்குக் காரணம் அடுக்கும் பயிற்சியும் கூடுதலாக இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவரோடு வாதம் செய்து வெல்வது சுலபமும் இல்லை.

இப்போது அந்தப் பதினேழு நிமிடத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், நான் பலமுறை பார்த்த வகையைச் சேர்ந்தது அது. வெறும் கற்பனையை மட்டும் வைத்து இப்படிப்பட்ட வீடியோக்களை யாரும் செய்வதில்லை. உண்மையில் நடந்த ஒன்றை எடுத்து, வேண்டிய இடத்தில் கத்தரித்துவிடுகிறார்கள்.

மக்கள்தொகைக் கதையின் மூலம் பில் கேட்ஸ் 2010 பிப்ரவரியில் ஆற்றிய ஓர் உரை. பருவநிலை மாற்றத்தைப் பற்றிய அந்த உரையில், புதிய தடுப்பூசிகள், சுகாதார வசதி, குடும்ப நல சேவைகள் ஆகியவற்றைச் சிறப்பாகச் செய்தால் மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பத்துப் பதினைந்து சதவீதம் குறைக்க முடியும் என்ற பொருளில் அவர் பேசினார். அந்த ஒரு வாக்கியத்தை வெட்டி எடுத்தால், தடுப்பூசியால் ஆட்களைக் குறைக்கப் போவதாக அவரே ஒப்புக்கொண்டதுபோல் ஒலிக்கும். அவர் சொன்னதோ மக்கள்தொகை நூலோர் நெடுநாளாகச் சொல்லிவருவது. பிறந்த பிள்ளைகள் பிழைப்பார்கள் என்ற நிச்சயம் வந்தால் பெற்றோர் அதிகப் பிள்ளைகள் பெற்றுக்கொள்வதில்லை. இதை அமெரிக்காவிலிருந்து வந்து நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. என் பாட்டிக்கு ஒன்பது பிரசவம். தங்கியது நான்கு பிள்ளைகள். என் அம்மாவுக்கு மூன்று பிரசவம், மூவரும் இருக்கிறோம். உங்கள் அப்பாவின் குடும்பத்திலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான் இருக்கும். அவருடைய அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் பிறந்தன, எத்தனை தங்கின என்று ஒருநாள் சும்மா கேட்டுப் பாருங்கள். வாதமாக வேண்டாம், பழங்கதையாகக் கேளுங்கள்.

ஆட்டிசக் கதையும் அப்படித்தான். 1998இல் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர், வெறும் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான கூட்டுத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்றார். தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்கவிருந்த வழக்கறிஞரிடமிருந்து அவர் பணம் பெற்றிருந்ததும், குழந்தைகளின் விவரங்கள் திரிக்கப்பட்டிருந்ததும் பின்னர் வெளிவந்தன. 2010 பிப்ரவரியில் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், தடுப்பூசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையே ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. ஜப்பானில் 1993லேயே அந்தக் கூட்டுத் தடுப்பூசியை நிறுத்திவிட்டார்கள். யோகோஹாமா நகரில் கணக்கெடுத்தபோது, அதன் பிறகும் ஆட்டிசம் கண்டறியப்படுவது கூடிக்கொண்டே போனது. குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, பேச்சு வரவில்லை என்று பெற்றோர் கவனிக்கத் தொடங்கும் வயதும், இந்த ஊசிகள் போடும் வயதும் ஏறக்குறைய ஒன்றே என்பதுதான் இந்தக் குழப்பத்தின் வேர். பாதரசம் கலந்திருப்பதாக அந்த வீடியோவில் சொல்லியிருந்தால், உயிருள்ள வலுக்குறைத்த கிருமியைக் கொண்டு செய்யப்படும் இந்தத் தடுப்பூசியில் பாதரசச் சேர்மம் சேர்ப்பதே இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நடிகர் விவேக் மரணத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊரில் அது பலருடைய மனதில் தைத்த நிகழ்ச்சி. 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், மக்களுக்கு நம்பிக்கையூட்டுவதற்காகவே, அவர் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் வீட்டில் மயங்கி விழுந்தார். 17ஆம் தேதி அதிகாலையில் இறந்தார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாய் ஒன்றில் முழு அடைப்பு இருந்ததாகச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் தெரிவித்தார்கள். தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதிப்புகளை ஆராயும் மத்திய நிபுணர் குழு, மரணத்துக்குத் தடுப்பூசி காரணமில்லை என்ற முடிவை அறிவித்தது. அது வெளியானது அக்டோபரில். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் எல்லோரும் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். ஆனாலும் விழுந்த பழம் நாம் நேசித்த ஒருவர் என்றால், காக்கையைக் குற்றம் சொல்லாமல் இருப்பது கடினம். ஏப்ரல் மாதத்துச் செய்தி தமிழர்கள் எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்தது; அக்டோபர் மாதத்து முடிவை எத்தனை பேர் பார்த்தார்கள்? உங்கள் அப்பா பார்க்கவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

வெட்டுவதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். பிள்ளை பிடிப்பவர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிப்போகும் காட்சி 2018இல் இந்தியாவின் பல பகுதிகளில் பரவியது. கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம் அது. சிறுவனைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அறிவிப்புப் பலகையைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ நீக்கிவிட்டிருந்தார்கள். அந்த மே மாதம், பிள்ளை பிடிப்பவர்களைப் பற்றிய வாட்ஸ்அப் வதந்திகள் பரவியிருந்த திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவரை ஊரார் அடித்தே கொன்றுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பலமுறை கைமாறிய செய்திக்கு இரட்டை அம்புக்குறி போடும் வழக்கமும் பின்னால் வந்தது. உங்கள் குடும்பக் குழுவில் அந்த இரட்டை அம்புக்குறியைக் கண்டால், அனுப்பியவர் அதை எழுதியவர் இல்லை என்று பொருள்.

இதுவரை எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் முன் வைத்துவிடாதீர்கள். முதலில் வேறொன்று செய்ய வேண்டியிருக்கிறது. அவருடைய அச்சத்தில் உள்ள நியாயத்தை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்று 70 வயதானவர் நெருக்கடி நிலைக் காலத்தில் இருபதைத் தாண்டிய இளைஞர். 1976-77 என்ற ஒரே நிதியாண்டில் இந்த நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகள் செய்யப்பட்டன. அவற்றில் பலவும் மிரட்டியும் ஆசைகாட்டியும் நடந்தவை; வட மாநிலங்களில் பள்ளி ஆசிரியர்களுக்கே ஆள் பிடித்துவரும் இலக்கு கொடுத்தார்கள். அரசாங்கம் மக்கள்தொகையைக் குறைக்க உடம்பில் கைவைக்கும் என்பது அவருடைய தலைமுறைக்குக் கற்பனை இல்லை. அதேபோல், 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. அதை நான் மறைத்துவிட்டு, தடுப்பூசியால் ஒன்றுமே ஆகாது என்று எழுதினால், நாளைக்கு அப்பா அந்தச் செய்தியை எங்கேயாவது பார்த்துவிட்டு, "இதை மட்டும் உன் டாக்டர் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பார். அப்போது நான் எழுதிய மற்றவையும் சேர்ந்தே போய்விடும். தடுப்பூசித் திட்டத்தில் இருப்பவர்கள் செய்கிற பெரிய தவறு இதுதான் என்று நான் நினைக்கிறேன். பயந்தவரிடம் "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். அவர் பயந்ததைப் பேச யூடியூபில் ஒருவர் பதினேழு நிமிடம் ஒதுக்குகிறார்.

குழுவில் மறுத்து எழுதியது சரியான நோக்கத்தோடு செய்த பிசகு. தம்பிகள், மருமகன்கள், கொழுந்தியாள் பிள்ளைகள் எல்லோரும் பார்க்க, மகள் திருத்தினால் அவர் எதைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார்? கருத்தையா, மரியாதையையா? அந்த இடத்திலிருந்து விலகி வந்து, மாலையில் காபி குடிக்கும் நேரத்தில், யாரும் இல்லாதபோது பேசுங்கள். "குழுவில் அப்படி எழுதியிருக்கக் கூடாதுப்பா" என்று தொடங்கினால் பாதி இறுக்கம் தளர்ந்துவிடும். பிறகு அவரையே பேச விடுங்கள். "அந்த வீடியோவில் எந்த இடம் உங்களுக்கு ரொம்ப உறுத்தியது?" என்று கேளுங்கள். 2024இல் அமெரிக்காவில், சதிக்கதைகளை நம்பிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் செயற்கை நுண்ணறிவு உரையாடியோடு பேசவைத்துச் செய்த ஆய்வில், நம்பிக்கை சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு மாதம் கழித்தும் அது திரும்பவில்லை. பொதுவாக உபதேசம் செய்யாமல், ஒவ்வொருவரும் எந்த ஆதாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாரோ அதற்கு நேராகப் பதில் சொன்னதே அதன் பலம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஐந்தில் ஒரு பங்குதான் என்பதையும் மனதில் வையுங்கள். ஒரே மாலையில் அவர் முழுவதும் மாறிவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். விவேக் மரணம்தான் அவரை உறுத்துகிறது என்றால் டென்மார்க் ஆய்வு அவருக்கு எதற்கு? அக்டோபர் முடிவை மட்டும் சொல்லுங்கள்.

அவருடைய கைப்பேசியை அவருக்குத் தெரியாமல் எடுத்து எதையும் அழிக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் சதி வீட்டுக்குள்ளேயே நடக்கிறது என்று ஆகிவிடும். அவர் அருகில் உட்கார்ந்து, அவர் சம்மதத்தோடு, யூடியூபில் பார்த்தவற்றின் பட்டியலை நீக்கிக் காட்டுங்கள். மறுநாள் பரிந்துரைகள் எப்படி மாறுகின்றன என்பதை அவரே பார்க்கட்டும். கணித ஆசிரியருக்கு இயந்திரத்தின் கணக்கு புரிந்துவிடும். உங்கள் கணவரிடம் தொலைபேசியில் ஒரு வார்த்தை போதும்: பொறுப்பதும் ஒரு முடிவுதான், அதன் ஆபத்து குழந்தைக்குத்தான்.

புதன்கிழமை விஷயத்துக்குத் திரும்பி வருகிறேன். தடுப்பூசிக்கு அப்பாவையும் கூடவே அழைத்துப் போங்கள். வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். நீங்கள் போய்ப் போட்டுவிட்டு வந்து, மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வந்தால் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். மருந்துக் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிட்டிருக்கும். குப்பி குளிர்ச்சி தவறி வெப்பத்தில் இருந்திருந்தால் உள்ளே இருக்கும் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். சதுரம், சுற்றியுள்ள வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மட்டுமே அந்த மருந்தைப் பயன்படுத்தலாம். இது பொடியாக வந்து கரைத்துப் போடும் மருந்து. கரைத்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுத வேண்டும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிட வேண்டும். ஊசியும் ஒருமுறை போட்டதும் மறுபடி இழுக்க முடியாமல் பூட்டிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். தடுப்பூசிகளையொட்டி உலகெங்கும் நேர்ந்த கோரச் சம்பவங்களில் பல, மருந்தைக் கையாண்ட விதத்தில் நேர்ந்த பிழைகள். ஆகவே இந்தச் சந்தேகங்கள் வீண் சந்தேகங்கள் இல்லை. சதுரத்தையும் நேரத்தையும் அப்பா பார்க்கட்டும், செவிலியரிடம் அவரே கேட்கட்டும். நல்ல செவிலியர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரம் குழந்தை தாத்தாவின் மடியில் இருக்கட்டும்.

இன்னும் ஒன்றை மறக்காமல் செய்யுங்கள். இந்த ஊசி போட்ட சில குழந்தைகளுக்கு ஒரு வாரம் கழித்து, ஏழாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் வரும். சிலருக்கு உடலில் லேசான சிவந்த தடிப்புகளும் தோன்றி, இரண்டு மூன்று நாட்களில் மறையும். தடுப்பூசி வேலை செய்வதன் அறிகுறி அது. முன்கூட்டியே சொல்லாவிட்டால், அந்தக் காய்ச்சல் வந்த அன்று அப்பா, "நான் அப்போதே சொன்னேனே" என்பார். நீங்கள் இதுவரை பேசியதெல்லாம் வீணாகும். ஊசி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும், சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அந்த ஏழாம் நாளையும் பன்னிரண்டாம் நாளையும் பேனாவால் வட்டமிட்டு, "இந்த ஆறு நாளில் காய்ச்சல் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பாராசிட்டமால் சொட்டு எவ்வளவு என்று எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, வலிப்பு வந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, நாளைக் கணக்கிட்டுக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். இரண்டாவது தவணை பதினாறு மாதத்திலிருந்து இருபத்துநான்கு மாதத்துக்குள். அந்தத் தேதியை அப்பாவையே குறித்துவைக்கச் சொல்லுங்கள்.